சொல்லிவிட்டு வராத பிரஷர் அக்கா

நாள்பட்ட நோய்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது அவர் வேலை. தெருவில் பிரஷர் அக்கா என்பார்கள். மருந்து கொடுக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, பார்த்துப் பதிவு செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வாய் ஓயாத ஒருவருக்கு இப்படி ஒரு வேலை வாய்த்தது. அதை அவர் நன்றாகச் செய்தார் என்பதுதான் வேடிக்கை.

மனசுக்குள் மட்டும் ஒரு முள். அவருடைய கணவர் பக்கவாதத்தில் விழுந்தபோது, கணவரின் அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் முன்னால், "உப்பை அள்ளிக் கொட்டியே என் தம்பியைப் படுக்க வெச்சுட்டா" என்றார். அச்சகம் நடத்துகிறவர், சொன்னது பிரதி பிரதியாகப் பரவியது. கணவர் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த பிறகும், உறவு வீட்டு விருந்துகளில் அக்கா கரண்டியைத் தொட்டால் நாலு பேர் தட்டை மூடினார்கள். அந்தப் பேச்சை, சொன்ன வாயே திரும்பப் பெற வேண்டும். அக்காவுக்கு வேறு ஆசையே இல்லை.

அண்ணன் வீடும் ஆய்வில் இருந்தது. அவருடைய ரத்த அழுத்தம் கல்லூரிப் பையனுடையதைப் போலிருக்கும். "எங்க வீட்டுச் சமையல் அப்படி" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார்.

போன் செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது விதி. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டுவதுபோல, போன் வந்ததும் எங்கள் ஜனம் மாத்திரை போட ஆரம்பிக்கும். அக்கா போனதும் மாத்திரை அட்டை அலமாரிக்குத் திரும்பிவிடும். அண்ணன் வீட்டு அலமாரியில் போன முறை பார்த்த அதே அட்டையை, தூசியோடு, அவர் மறுபடி பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில் மேற்பார்வை டாக்டரிடம், "சொல்லிட்டுப் போறதால எல்லாரும் நல்ல பிள்ளையா இருக்காங்க சார். சொல்லாம போய்ப் பார்ப்போமா?" என்றார். டாக்டர் பூரித்துப்போனார். ஆய்வின் தரம் உயர்ந்தது உண்மை. ஒரே ஒரு வாசலை நினைத்து உயர்ந்தது என்பதும் உண்மை. ஆனாலும் அக்கா நியாயமானவர் என்பதால் தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்கி, பொறுமையாக அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"என்னம்மா, போனே பண்ணலையே?"

"புது முறை, மாமா. கையை நீட்டுங்க."

"இப்பதான் மாடி ஏறி வந்தேன். நாளைக்கு வாயேன்."

"மூச்சு வாங்கிட்டு நீட்டுங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

மூன்று தரம் பார்த்தார். மூன்று தரமும் கருவி பயமுறுத்தியது. ரத்த அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் உடனே ஆய்வு வண்டியை அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி.

"வண்டி எதுக்கும்மா? தெருவே பார்க்கும்."

"பார்க்கட்டும், மாமா."

கடமையும் பழியும் ஒரே திசையில் போவது வாழ்க்கையில் அபூர்வம். அக்கா ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.

மறுநாள் வார்டில் அதே சொந்தக்காரர்கள் கூடினார்கள். அக்காவும் கணவரைக் கூட்டிக்கொண்டு போனார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆய்வில் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. ஒரு அத்தை, அண்ணன் மனைவியை ஏற இறங்கப் பார்த்து, "சமையல்ல கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்று ஆரம்பித்தாள்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளை ஏன் சொல்றீங்க? இது பரம்பரை. எங்கப்பாவுக்கே இருந்துச்சு."

அக்கா போர்வையைச் சரிசெய்தபடி கேட்டார். "அந்த அப்பாதானே மாமா உங்க தம்பிக்கும்?"

நோயாளி சுவரைப் பார்த்தார். சுவர் உதவவில்லை.

"ஆமா" என்றார் கடைசியில். "அவனுக்கும் பரம்பரைதான். சாப்பாட்டால வந்ததில்ல."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, மாமா. சித்தப்பாவுக்குக் காது மந்தம்."

சத்தமாகச் சொன்னார். சித்தப்பா காதருகே கையை வைத்துக்கொண்டு, "என்ன?" என்றார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.