பின்னறைப் புட்டிகள்

ஈ வளர்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அவள் அலுத்துப்போனாள். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பழ ஈக்களைப் புட்டிகளில் வளர்க்கிறார்கள். அதில் அவளுக்கு வாய்த்தது பின்னறை. உண்ணி பிடித்த ஈக்களை ஒதுக்கி வைக்கும் இடம். ஊசிமுனை அளவு உண்ணி, ஈயின் வயிற்றைக் கவ்விக்கொண்டு உறிஞ்சும். நம் துணியில் தொற்றி அடுத்த அறைக்கும் போய்விடும். அதனால் பின்னறைக்குள் கால் வைத்தவர் அன்றைக்கு வேறெந்த அறைக்கும் போகக்கூடாது. “கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கோம்மா” என்று விட்டவர்கள் அப்படியே மறந்துபோனார்கள்.

முன்னறை அவளுடைய நாத்தனாரின் பொறுப்பு. வீட்டிலும் அவள்தான், இங்கும் அவள்தான். மதியமானால் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வம்பளப்பாள்.

“அண்ணி, உங்க ஈயெல்லாம் சௌக்கியமா?”

“உங்கண்ணனைவிடச் சொன்ன பேச்சு கேக்குது.”

ஒருநாள் பேராசிரியர் வழி சொன்னார். தொடர்ந்து மூன்று தலைமுறை ஈக்களில் உண்ணி இல்லையென்றால் பின்னறையை மூடிவிடலாம். அவளும் முன்னறைக்கு வந்துவிடலாம். நாத்தனார் அன்றைக்கே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

இரண்டு தலைமுறை சுத்தமாக வந்தது. மூன்றாவதில், கடைசிப் புட்டியில், சோதிக்க மயக்கிப் போட்டிருந்த ஓர் ஈயின் கால் இடுக்கில் வெளிறிய மணி ஒன்று தெரிந்தது. அசைந்தது.

ஊசியால் எடுத்து நசுக்கினாள். நிமிர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே பேராசிரியர்.

“என்னம்மா, சுத்தமா?”

“சுத்தம் சார்.”

வாய் முந்திக்கொண்டது.

நாத்தனாரே அந்தப் புட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி வந்து, தன் ஈக்களுக்குப் பக்கத்திலேயே அடுக்கினாள். நாளைக்கு இங்கே உண்ணி கிளம்பினால் முதலில் மாட்டப்போவதும் நாத்தனார்தான்.

இப்போதெல்லாம் அண்ணிக்காரி எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோரும் போனபிறகு கிளம்புகிறாள். ஒவ்வொரு புட்டியாகத் திறந்து லென்ஸில் கண்ணைப் பதிக்கிறாள். இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. அதற்காக நம்பிவிட முடிகிறதா? இனிமேல் சொல்லத்தான் முடியுமா?

“அதான் வெளிய வந்தாச்சே அண்ணி. தலையக் கொஞ்சம் தூக்குங்க,” நாத்தனார் சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நின்று கூப்பிட்டாள்.

“நீ போய்ச் சாப்பிடு. இன்னும் ஒரு அலமாரி இருக்கு.”