தலையில் கால் முளைத்த ஈ

ஒரு சீப்பு கோழிக்கூடு ரக வாழைப்பழம் அடுப்படியில் கனிந்து கறுத்துக் கிடந்தது. மேலே சின்ன ஈக்கள் மொய்த்தன. மருந்தடிக்க வந்த மகள், நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "எம்மா, ஈயில என்னத்தப் பாக்குத?" என்றாள். கண் சிவப்பா வெள்ளையா என்று பார்ப்பதாகச் சொன்னால் சிரிப்பாள். பழக்கதோஷம்.

அந்தப் புளித்த வாசனை இருக்கிறதே, அது என்னை நேரே தொண்ணூறுகளின் பாளையங்கோட்டைக்கு, கல்லூரி விலங்கியல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்விடும். பழ ஈக்களைப் பால் பாட்டில்களில் வளர்த்தோம். தீனியை நாங்களே கிண்டுவோம்: ரவை, அகர்-அகர், வெல்லம். வெல்லம் தீர்ந்தால் கோமதி ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி. ராதாபுரத்துக்காரி, என் வகுப்பு, விடுதியிலும் என் அறை. அந்தத் தீனி கேசரி மாதிரி மணக்கும். வழித்துத் தின்றதும் உண்டு, உங்களிடம் சொல்வதற்கென்ன.

ஈதரில் மயக்கிய ஈக்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, தூரிகையால் புரட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கண், சுருண்ட சிறகு என்று வழக்கமான கோளாறுகள்தான் வரும். ஒரு நாள் காலையில் என் பாட்டிலில் வேறு ஒன்று கிடந்தது. நெற்றியில் உணர்கொம்புகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கால்கள். மூட்டும் நகமுமாக, முழுக் கால்கள்.

"ஏட்டி கோமதி, இங்கன வா. இதுக்குத் தலையில காலு மொளச்சிருக்கு."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "பாவம்ட்டி, எப்படி நடக்கும்?" என்றாள். மயக்கம் தெளிந்து நன்றாகவே நடந்தது. தலையில் இருந்தவை மட்டும் சும்மா தொங்கின.

எந்த இடத்தில் எந்த உறுப்பு என்று உடம்புக்குச் சொல்கிற மரபணு மாறிப்போனால், கொம்பு வர வேண்டிய இடத்தில் உடம்பு கால் செய்துவிடும் என்றார் பேராசிரியர். "வெளிநாட்டுல இத முன்னமே பாத்துட்டாங்கம்மா. நம்ம பாட்டில்ல தானா வந்திருக்கதுதான் விசேஷம். தலமுற தலமுறையா வளத்துக் காட்டு, ஆராய்ச்சி இடம் ஒனக்குத்தான்." இருந்தது ஒரே இடம். அது கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

சாதாரண ஈயோடு சேர்த்தேன். பிறந்தவற்றில் ஏறக்குறையப் பாதிக்குத் தலையில் கால். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்த மாற்றம் வந்து சேர்ந்தால் உயிர் தரிக்காது. அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் பொறுக்கியெடுத்துச் சாதாரண ஈயோடுதான் சேர்க்க வேண்டும். ஆறாவது தலைமுறையில் எனக்கு அம்மை போட்டது. ஆழ்வார்திருநகரிக்கு வீட்டுக்குப் போகுமுன் பொறுக்கும் விதத்தைக் கோமதிக்குச் சொல்லிக் கொடுத்தேன். "நீ பைய வா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

மூன்று தண்ணீர் ஊற்றித் திரும்பி வந்தால், என் பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. "பூசணம் புடிச்சு எல்லாம் செத்துப்போச்சுட்டி" என்று கோமதி அழுதாள். நான்தான் அவளைத் தேற்றினேன். காப்பி வேறு வாங்கிக் கொடுத்தேன். அந்தக் காப்பியை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் அவள் எழுந்து படம் போட்டாள். திரை முழுக்க அந்த ஈ. தன் பாட்டிலில் தனியாக வந்தது என்றாள். பேராசிரியர் நம்பினாரா, நம்பியதுபோல இருந்துகொண்டாரா, தெரியாது. அவருக்கு ஈ உயிரோடு இருந்தால் போதும். இடம் அவளுக்குப் போயிற்று.

"ஏன்ட்டி?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ படுத்துட்ட. நான் பாக்கலன்னா செத்துத்தான போயிருக்கும்? வளத்தவ நான்லா."

இதில் பாதி உண்மைதான். என் துரோகியை நானே பயிற்சி கொடுத்துத் தயார் செய்திருக்கிறேன்.

கல்யாணம் ஆயிற்று, பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. அந்த ஆய்வகத்தில் இப்போது கணினிகள் இருக்கின்றனவாம். பால் பாட்டிலே எங்கும் கிடையாது. பல வருஷம் கழித்து அங்கே வேலை பார்த்தவரிடம் அந்த ஈக்களைப் பற்றி விசாரித்தேன். கோமதி பட்டம் வாங்கிப் போன கோடை விடுமுறையில் தீனி மாற்ற ஆளில்லாமல் எல்லாம் செத்துவிட்டன என்றார். இடத்தை எடுத்தாள், பெயரை எடுத்தாள், அதையெல்லாம் எப்படியோ விழுங்கிக்கொண்டேன். ஈக்கள் வேண்டாம் என்று ஆனபோது எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்திருப்பேன்.