காட்டுப்பன்றிக்கு வாங்கிய சன்னம்

புலம்பெயர்ந்து வந்த ஓல்டன் நகரில் எனக்கும் அக்காவுக்கும் ஒரே வீடு. 2009இல் வன்னியில் நடந்த சண்டையில் மகனைப் பறிகொடுத்து, பிறகு எங்கெங்கோ அலைந்து என்னிடம் வந்து சேர்ந்தவர் அவர். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளில் வேட்டைக்காரரோடு காட்டுக்குப் போவேன். பல வருடமாகத் தடியால் தட்டிப் பன்றி கலைக்கிற வேலைதான் தந்தார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன் இந்த நாட்டில் துப்பாக்கி வாங்க முடியாது. இந்த நாட்டின் சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகுதான் வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினேன். விசர் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களா எனக்குச் சோறு போடுகிறார்கள்?

கைத்துப்பாக்கியால் இங்கே வேட்டையாட விடமாட்டார்கள். காயப்பட்டுக் கிடக்கிற பன்றியையோ மானையோ கிட்டப் போய் முடித்து வைக்கத்தான் அது. அதற்கென்று ஒரு பழைய ரிவோல்வர் பார்த்து வைத்தேன். அதற்குள் போடுகிற சன்னம் தெரிவு செய்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. மென்மையான ஈயம் உடம்புக்குள் போனதும் விரியும். மானுக்கு அது போதும், ஆனால் இறைச்சியை நாசமாக்கும். பன்றியின் மண்டையோட்டில் நசுங்கி நின்றுவிடவும் கூடும். வேறு உலோகம் கலந்து கடினமாக வார்த்த சன்னம் விரியாது. எலும்பைத் துளைத்துக்கொண்டு நேரே போகும்.

கடைக்காரனிடம் இரண்டையும் பற்றி விசாரித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சண்டை நடந்த நாட்டிலிருந்து வந்தவருக்கு நான் சொல்லித்தரவா வேண்டும் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்குப் பயந்து மீசை முளைக்குமுன் ஓடி வந்தவன் நான். துப்பாக்கியைத் தொட்டதே இந்த நாட்டில்தான். சொன்னால் நம்பவா போகிறான்? ரிவோல்வரோடு கடினமான சன்னத்தையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா கதவடியிலேயே சொல்லிவிட்டார்.

"உது வீட்டுக்குள்ள வந்தா நான் ஊஸ்டருக்கு மகளிட்டப் போறன்."

அவர் போனால் வேலை முடிந்து வந்து தமிழ் கதைக்க எனக்கு வேறு ஆளில்லை. வேட்டையை விடவும் மனம் வரவில்லை. இரண்டையும் நிலவறையில் பூட்டி வைத்துவிட்டு, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்த 2009இல் யாரை இழந்தாய் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படி இழந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் குளிரைப் பற்றிக் கதைப்போம். கேட்டால் அழுவார்களாம். பெரிய இரக்கம்! அக்காவின் மகன் ஷெல் விழுந்து செத்தான் என்று யாரோ சொன்னார்கள், நானும் அப்படியே நம்பிக்கொண்டேன். ஒரே வீட்டில் இருந்தும் அவரிடம் கேட்டதில்லை.

ஞாயிறு மத்தியானம் அக்கா உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய் இருந்தேன்.

"அக்கா, இது வதைக்கிற சாமான் இல்லை. காயம்பட்டுத் துடிக்கிற மிருகத்தின்ர வதையை நிப்பாட்டத்தான்."

"எல்லாச் சன்னமும் ஒண்டுதானே?"

அவர் கேட்டதே எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"இல்லையக்கா. மென்மையானது உள்ளுக்கு விரிஞ்சு கிழிக்கும். நான் வாங்கினது கடினம். நேராப் போய் மற்றப் பக்கத்தால வெளியில வந்திடும். ஒரு சூடு, அந்த இடத்திலயே முடிஞ்சிடும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ர பிள்ளைக்கும் ஒரு சூடுதான் பட்டது. ஷெல் இல்லை. வயித்தால போய் முதுகால வெளியில வந்தது. காலமை பட்டவன், பொழுதுபடுமட்டும் தண்ணி கேட்டுக்கொண்டு கிடந்தவன்."

பிறகு மிச்ச உள்ளியையும் உரித்தார். கறி வைத்தார். எனக்குச் சோறும் போட்டுத் தந்தார். கோதாரி, அதையும் சாப்பிட்டேன்.

அந்த வாரமே ஊஸ்டருக்குப் போய்விட்டார். நான் ரிவோல்வரையும் சன்னப் பெட்டியையும் கடையில் திருப்பிக் கொடுத்தேன். போன் எடுத்து, "எல்லாத்தையும் குடுத்திட்டன், வாங்கோ அக்கா" என்றேன்.



"வயித்தில காயம் எண்டா தண்ணி குடுக்கக்கூடாதெண்டு சொன்னவை. நான் குடுக்கேல்லை" என்றார் அக்கா. "எப்பிடியும் சாகப்போறவன். குடுத்திருக்கலாம்தானே, தம்பி?"