சஷ்டி விரதம் என்று நான் சொன்ன பொய்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை. லண்டனில், நாங்கள் இருக்கும் மோர்டனில் இருந்து ஒரு மணித்தியாலம் காரில் போனால் ஒரு திராட்சைத் தோட்டம். அங்கே நானூறு வருடப் பழமையான தானியக் களஞ்சியத்தை வைன் வடிக்கும் இடமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். மச்சான் ஒருவர் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்குச் சொந்தக்காரரை எல்லாம் அங்கே அழைத்திருந்தார்.

என் அண்ணையையும் அழைத்திருந்தார். அதில்தான் சிக்கல். அண்ணை குடியால் வேலையை இழந்து என் வீட்டு மேலறையில் ஒதுங்கியவர். சிகிச்சை எடுத்து, பதினொரு மாதமாக ஒரு சொட்டும் தொடவில்லை. சொந்தத்தில் யாருக்கும் இது தெரியாது. நான் தெரியவிடவில்லை.

தான் வரவில்லை என்றுதான் அண்ணை சொன்னார். வராவிட்டால் நாலு பேர் நாலு கதை கதைப்பார்கள் என்று நான்தான் விடாப்பிடியாக நின்றேன். கந்தசஷ்டி விரதம் என்றால் யாரும் ஊற்ற மாட்டார்கள் என்று பெரிய கெட்டிக்காரி போலத் திட்டமும் போட்டேன்.

அன்று நல்ல வெயில். வாசலில் மேப்பிள் இலைகள் சிவந்து கொட்டிக் கிடந்தன. உள்ளே கறுத்த ஓக் உத்தரங்கள், மரப் பீப்பாய்கள், நீள மேசையில் சீஸும் ஆப்பிளும். அண்ணை இலைகளைப் படமெடுத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! கூட்டிக்கொண்டு வந்தது நல்லதுதான் என்று நினைத்தேன்.

மச்சான் போத்தலோடு வந்தார். நான் சொல்லிக் கொடுத்தபடி அண்ணை கிளாசைக் கையால் மூடி, விரதம் என்றார்.

"என்ன மச்சான், நேற்றே சூரன்போர் முடிஞ்சுது. நானும் விடியப் பாறணைச் சாப்பாடு முடிச்சிட்டுத்தான் வாறன். இனி என்ன விரதம்?"

நாள் பார்க்காமல் பொய் சொல்லியிருக்கிறேன். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை என்னைப் பார்த்தார். அவருக்கு ஏலாது, ஊற்றாதேங்கோ என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்களே என்ற வெட்கத்தில் வாய் வரவில்லை. தலையைக் குனிந்து, தட்டில் இருந்த ஆப்பிளை வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, மச்சான் ஊற்றிய கிளாஸ் அண்ணையின் கையில் காலியாக இருந்தது.

திரும்பி வரும்போது காரில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நீ ஒண்டும் சொல்லேல்லையே."

அந்தக் கிழமையே மேலறைக் கட்டிலுக்குக் கீழே போத்தல் கண்டேன். எவ்வளவு கெஞ்சியும் மறுபடி சிகிச்சைக்கு வரவில்லை. அடுத்த சஷ்டிக்கு முன், ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார்.

செத்த வீட்டில் கேட்டவர்களுக்கு மாரடைப்பு என்றேன். அந்த மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரிடமும் அதையே சொன்னேன். இதைக்கூடப் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். அன்று அந்த மேசையில் குனிந்த தலை இன்னும் நிமிரவில்லை.