மொட்டைப்பாறை முங்கிய ஆனி

இந்த ஆற்றில் ராஜாக்கள் படகில் போனார்களாம். அப்படி ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். ஐந்தருவி ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில், மலை இடுக்கு தொடங்குகிற இடத்தில் போன வருஷம் ஒரு ரிசார்ட் முளைத்தது. அதன் வாசலில், பாரம்பரியப் படகுத்துறை என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. எழுதினவனை ஒரு மழை நாளில் அந்த இடுக்கில் படகோடு இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆறு அது. வெளியூர்க்காரர்கள் ஓடை என்பார்கள்; நாங்கள்தான் மரியாதையாக ஆறு என்கிறோம். இரண்டு பக்கமும் கரும்பாறை சுவராக நிற்கும். நடுவே தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு இறங்கும். கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குடைந்த குழிகள் பாறை நெடுக உண்டு, ஆட்டுரல் குழி மாதிரி. சிலதில் ஆள் இறங்கினால் தலை தெரியாது. நீர்நாய்கூட அங்கே பாதித் தூரம் பாறையில் தாவித்தான் போகும். அந்த இடுக்கு வழியாக மிதந்து வந்தவை என்றால், வேரோடு பெயர்ந்த நீர்மருது, காட்டுப்பலா, ஒரு தடவை யாருடைய எருமையோ. எதுவும் இஷ்டப்பட்டு வரவில்லை. படகுச் சரித்திரம் அவ்வளவுதான் ஐயா.

இடுக்கின் வாயில் மொட்டைப்பாறை இருக்கிறது. அதற்குக் கீழே ஆற்றிலிருந்து பிரியும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் வயல்காரர்கள் கார் சாகுபடிக்கு விதை நனையப்போடுவது காலண்டரைப் பார்த்து அல்ல, அந்தப் பாறையைப் பார்த்துத்தான். சாரல் பிடித்து மொட்டைப்பாறை முங்கிவிட்டால், மேலே காடு வயிறு நிறையக் குடித்துவிட்டது, இனி தண்ணீர் நிற்காது என்று கணக்கு. அப்பா அப்படித்தான் செய்தார். இப்போது வயலைப் பார்க்கிற என் தம்பியும் அப்படித்தான். நான் தென்காசியில் பள்ளிக்கூட வேலை, குத்துக்கல்வலசையில் வீடு என்று ஒதுங்கிவிட்டேன். ஆனாலும் பாறை முங்கினால் எனக்கு முதல் போன் வந்துவிடும்.

இந்த ஆனி பிறந்ததும் வந்தது.

"யக்கா, பாறை முங்கிட்டு. பாலத்துல நின்னு பாத்தேன். வெதைய நனையப் போடுதேன்."

"எல்லாத்தையுமாலே?"

"பின்ன? பாறையே முங்கிட்டுல்லா."

அது கடையில் வாங்கின விதை இல்லை. அப்பா காலத்து நெல். வருஷா வருஷம் எங்கள் வயலிலேயே கதிர் பார்த்து எடுத்து வைப்பது. வேறு யாரிடமும் கிடையாது. அதை மொத்தமாக நனையப்போட்டு நாற்றங்காலில் பாவிவிட்டான்.

நாற்று பச்சை கட்டி எழுந்தது. வாய்க்கால் வறண்டது. சாரல் குற்றாலத்தோடு திரும்பிக்கொண்டது, எங்கள் பக்கம் வெறும் காற்று, அதுவும் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சுகிற காற்று. நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்தது. மேல்வயல்காரர்தான் வாய்க்காலை மறித்திருப்பார் என்று கீழ்வயல்காரர் சண்டைக்குப் போனார். தம்பிக்கு ஒன்றும் ஓடவில்லை. பாறை முங்கியிருக்கிறது, தண்ணீர் எங்கே போகும்? கடைசியில் அவனும் நானுமாக ஏறிப் போய்ப் பார்த்தோம்.

மொட்டைப்பாறைக்குக் கீழே, பாலத்திலிருந்து பார்த்தால் தெரியாத வளைவில், தோள் உயரத்துக்குக் கான்கிரீட் சுவர். அதற்குப் பின்னால் ஆறு குளமாகத் தேங்கிக் கிடந்தது. குளத்தில் வாத்து மாதிரி பெடல் படகுகள். நிரம்பி வழிகிற தண்ணீரைப் பெரிய குழாய் ஒன்று ரிசார்ட் தோட்டத்துச் செயற்கை அருவிக்குக் கொண்டுபோய், அந்தப் பக்கத்துச் சாக்கடையில் விட்டது. பாறை முங்கியது நிஜம்தான். அதை முங்கவைத்தது மழை இல்லை, இந்தச் சுவர்.

தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நான் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லிச் சத்தம் போட்டேன்.

மேனேஜர் பையன் சிரித்த முகமாக வந்தான். "தண்ணிய நாங்க எடுக்கலையே மேடம், நிறுத்தித்தானே வச்சிருக்கோம்."

என் தம்பி அவனிடம் கெஞ்சினான். "தம்பி, ரெண்டு நாள் தொறந்து விட்டாப் போதும். நாத்து பொழச்சுக்கிடும்."

"வீக்கெண்ட் ஃபுல் புக்கிங் சார். திங்கக்கிழமை பாக்கலாம். வந்தது வந்துட்டீங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, ஃப்ரீதான்."

"ஏலே, அங்கன நாத்து சாவுது, இங்கன என்னைய வாத்துல ஏறச் சொல்லுதியா?" என்று கேட்டேன். இன்னும் நிறைய வாயில் வந்தது. தம்பிதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அவனுடைய அந்தப் பணிவு இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது. மனு கொடுக்கப் போன இடத்தில், பார்த்துச் சொல்லுகிறோம் என்றார்கள். பார்த்தார்களோ என்னவோ, சொல்லவில்லை.

திங்கட்கிழமையும் போனது. அடுத்த ஞாயிறு நான் வயலுக்குப் போனபோது நாற்றங்காலில் மாடு நின்றுகொண்டிருந்தது. நான் பதறிப்போய் விரட்ட ஓடினேன். வரப்பில் உட்கார்ந்திருந்த தம்பி எழுந்திருக்கவே இல்லை.

"விடுக்கா. நாந்தான் அவுத்து விட்டேன். அதாச்சும் திங்கட்டும்."

வைக்கோல் நிறத்தில் கருகிக் கிடந்ததை மாடும் பாதிக்கு மேல் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்து மலையில் நல்ல மழை. அவர்கள் குழாய் தாங்கவில்லை, தண்ணீர் சுவரை மீறிக் குதித்து வந்துவிட்டது. தம்பி போன் பண்ணினான். பின்னால் வாய்க்கால் இரைகிற சத்தம் எனக்கே கேட்டது.

"கரையைத் தொட்டுக்கிட்டுப் போவுதுக்கா."

"மறுபடி பாவ முடியாதாலே?"

"எதை வச்சு? ஒரு மணி நெல்லு கெடையாது. தண்ணி வயல்ல சும்மா நிக்காண்டாம்னு மடையை அடைச்சிட்டேன்."

ஆனி மாதத்தில் வந்த தண்ணீரை வேண்டாமென்று மடையை அடைத்திருக்கிறான், எங்கள் அப்பாவின் பிள்ளை. யாரைக் கேட்டு அடைத்தாய், புத்தி கெட்டவனே, என்று அவனைத்தான் கண்டபடி திட்டினேன். நான் திட்டினால் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேறு யார் இருக்கிறார்கள்?