குழாய் வழி வந்த கனவுகள்

நான் கனவு காண்பவள் அல்ல. ஒட்டுக்கேட்பவள். என் பேத்தியைக் காப்பாற்றியதென்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தக் கனவை நான் காணவேயில்லை! இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் எழுந்து போனாலும் கோபிக்க மாட்டேன்.

நோர்வேயில், லோறென்ஸ்கூக் என்ற ஊரில் என் மகள் வசந்தியும் மருமகனும் வாங்கிய வீடு பழையது. நிலக்கீழ் அறையில் எனக்கு ஒரு கட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்தில் ஒரு சூடாக்கும் இயந்திரம். எண்ணெயை எரித்து, சூட்டுக் காற்றைத் தகரக் குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் ஊதும். கோடைக்கென்று அதே குழாயில் ஒரு குளிரூட்டியும் பூட்டியிருந்தது.

என் தலைமாட்டிலும் அந்தக் குழாய்க்கு ஒரு கம்பி வாய் உண்டு. சின்ன ஜன்னலை வெண்பனி மூடிக் கிடக்கும். இளஞ்சூடு முகத்தில் படும். கண் செருகும். அப்போதுதான்… மேலே குசினியில் சமைத்தபடி பேசுவது தண்ணீருக்கடியில் பேசுவதுபோல மிதந்து மிதந்து வரும். மேல் அறைகளின் பேச்சும் வரும்.

பகலெல்லாம் என்னோடு கதைக்க ஆளில்லை. குழாய்தான் கதைத்தது. நான் என்ன, காதைப் பொத்திக்கொண்டா படுப்பேன்?

ஒருநாள் மருமகன் வசந்தியிடம் சொல்வது கேட்டது. லில்லெஸ்ட்ரோம் ஸ்டேஷனடியில் புது வெள்ளைக் காரைத் தூணில் இடித்துவிட்டாராம். "மாமிக்குச் சொல்லிப்போடாதையும், நக்கலடிச்சே கொண்டுபோடுவா."

அடுத்த நாள் காலைத் தேநீரோடு நான் தொடங்கினேன்.

"தம்பி, இரவு ஒரு கனவு. வெள்ளைக் குதிரை ஒண்டு தூணிலை முட்டி, நெத்தி வீங்கி நிண்டது."

தேநீர் அவருக்கு மூக்கால் வந்தது. "மாமி, உங்களுக்கு என்னண்டு தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? குதிரையைத்தான் கேக்கவேணும்."

அவ்வளவுதான்! அதன்பின் என் கனவுகளெல்லாம் பலித்தன. பலிக்காமல் என்ன செய்யும்? கோயிலில் பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து ஒருத்தி தொலைபேசி எடுத்தாள். "அக்கா, என்ரை மகனுக்கு எப்ப கலியாணம் எண்டு ஒருக்காக் கனவு கண்டு சொல்லுங்கோ." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது… மறைக்க மாட்டேன்.

பேத்தி அபிக்கு ஏழு வயது. மூச்சிழுப்பு. பழைய குழாய்த் தூசி பிள்ளைக்குக் கூடாது, மாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னார். நோர்வேக்காரர் ஒருவர் வந்து அளந்தார். சூடாக்கியும் வேண்டாம், குளிரூட்டியும் வேண்டாம். இரண்டு வேலைக்கும் ஒரே வார்மபும்ப, வெப்பத்தை இறைக்கும் பம்பியாம். வெளியே ஒரு வெள்ளைப் பெட்டி, உள்ளே ஒரு பெட்டி, புதுக் குழாய்கள்.

மருமகன் எனக்கு விளக்கினார். "குழாய்க்குள்ளை மொத்தமாப் பஞ்சு வைச்சிருக்காம் மாமி. ஒரு அறைச் சத்தம் மற்ற அறைக்குப் போகாது."

என் கனவுகளுக்கல்லவா பஞ்சு அடைக்கப் போகிறார்கள்!

மறுநாள் சொன்னேன். "பிள்ளை, கனவிலை வெள்ளைப் பெட்டி ஒண்டு வாசல்லை நிண்டு அழுதது. இந்தப் பனி கரையட்டும். பிறகு பூட்டலாம்."

வசந்தி முகம் வெளுத்தாள். மருமகன் முணுமுணுத்தார். ஆனாலும் தள்ளிப்போட்டார்கள்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மத்தியானம். மகளும் மருமகனும் வெளியே பனி வாரிக்கொண்டிருந்தார்கள். சளித் தடிமன் பிடித்த அபி மேலே படுத்திருந்தாள். நான் கீழே, அரைத் தூக்கத்தில். ஜன்னலில் நீல வெளிச்சம். குழாய் வழியே மெல்லிய விசில் ஒன்று வந்தது. இழுத்து… விட்டு… இழுத்து…

அது என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரியும்! கேட்ட அந்தக் கணமே தெரியும்.

ஆனால் நான் எழும்பவில்லை. கீழே படுத்திருந்த கிழவிக்கு மேலே மூச்சிழுப்பது எப்படிக் கேட்டது என்று கேட்பார்களே? படுத்தபடியே ஒரு கனவைத் தைக்கத் தொடங்கினேன். கரையில் துடிக்கும் மீன் என்று சொல்லலாமா? சைவக்காரியின் கனவில் மீன் வருமா? குருவி நல்லது. கூட்டிலிருந்து விழுந்த குருவி…

ஆம். ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவிக்கையில், நான் மீனா குருவியா என்று யோசித்தேன்! எவ்வளவு நேரம்? ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம். கூடவும் இருக்கலாம்.

விசில் நின்றது.

அதன்பிறகே ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனதோ! வாசற்கதவைத் திறந்து கத்தினேன். "வசந்தி! குருவி! குருவி மூச்சில்லாமல் கிடக்குது! கனவு கண்டனான்!"

'அபி' என்று கத்தவில்லை. குருவி என்றுதான் முதலில் கத்தினேன், பிறகுதான் மேலே பிள்ளையின் அறையைக் காட்டினேன். பாருங்கள், அப்போதும்!

பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. அம்புலன்ஸ் வந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்… என்று டாக்டர் முடிக்காமல் விட்டார். அபி பிழைத்தாள். வசந்தி என் காலடியில் விழுந்து அழுதாள். "உங்கடை கனவுதானம்மா என்ரை பிள்ளையைத் தந்தது." நான் அவளைத் தூக்கினேன். எந்தக் கனவு பழைய குழாயை மாற்றவிடாமல் பிள்ளையை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது என்பதை அவள் மறந்தே போனாள். நான் மறக்கவில்லை.

பனி கரையும்வரை பிறகு யாரும் பொறுக்கவில்லை. பழைய இயந்திரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுபோனார்கள். இப்போது வாசலில் வெள்ளைப் பெட்டி நிற்கிறது. அழவில்லை, மெல்ல முனகுகிறது. வீடு முழுவதும் ஒரே பதமான சூடு. அபி இரைக்காமல் படி ஏறி ஓடுகிறாள். என் தலைமாட்டுக் கம்பி வாயில் காற்று மட்டும் வருகிறது. நான் கனவுகள் நின்றுவிட்டன என்றேன். பிள்ளையைக் காத்ததோடு அந்த வரம் முடிந்ததென்று கோயிலில் சொல்கிறார்கள்!

போன கிழமை அபி என் கட்டிலில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

"அம்மம்மா, அந்தக் குருவி பிறகு எழும்பினதோ?"

"ஓம் குஞ்சு. எழும்பிப் பறந்தது."

"நீங்கள் கண்ட உடனை ஓடி வந்தனீங்கள், என்ன?"

கம்பி வாயைப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

"ஓம்" என்றேன்.