பட்ஜ் இல்லாத பிளேசர்

கோட் தைக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் மனிசனின் கலியாணக் கோட்டைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளை மேசையில் பரப்பி, எதற்குக் கீழே எது ஒளிந்திருக்கிறது என்று பார்த்துப் பழகினேன். "கோட்டோட நிப்பாட்டு, கலியாணத்தையும் பிரிச்சுப் போடாத" என்று அவர் கதவடியில் நின்று சொன்னது இன்றைக்கும் எங்கள் வீட்டில் நடமாடுகிறது.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில்தான் என் தையலறை. சாரி பிளவுஸ்தான் சோறு போடுகிறது. பெண்களுக்குப் பொருந்துகிற மாதிரிக் கோட்டும் தைப்பேன் என்ற கதை எப்படியோ பரவி, ஒரு நாள் தேசியப் பெண்கள் கிரிக்கெட் அணியின் முகாமையாளர் மிஸ் வாசலில் வந்து நின்றார். வெளிநாட்டில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்கு அணி போகிறது, விமானம் ஏறும்போது எல்லோரும் பிளேசர் போடவேண்டும். முன்பெல்லாம் ஆண்களின் அளவில் வெட்டிக் கொடுத்தார்களாம். தோள் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று நின்றதாம்.

வேலை முறை கொஞ்சம் விசித்திரமானது. அணியை அறிவிப்பதற்கு முன்பே பயிற்சிக் குழுவில் உள்ள எல்லோருக்கும் அளவெடுத்து, வெட்டி, தற்காலிகமாக நூலோடி வைக்கவேண்டும். ஒவ்வொரு பிளேசருக்கும் கொலருக்குள் சோக்கட்டியால் ஓர் இலக்கம். போகும் பதினைந்து பேர் யார் என்று முடிவானதும் மிஸ் போனில் இலக்கங்களைச் சொல்வார். அவற்றை மட்டும் தைத்து முடித்து, நெஞ்சுப் பொக்கற்றில் அணியின் சின்னம் போட்ட பட்ஜைக் கையால் பொருத்தவேண்டும். மற்றவை நூலோட்டத்தோடு பெட்டிக்குள் போய்விடும். ஊருக்குத் தெரிய முன்னர் எனக்குத் தெரியும் என்று அர்த்தம்.

"முதல்ல உங்கட வாயைத் தையுங்க, பிறகு கோட்டைத் தைக்கலாம்" என்று மிஸ் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் கண் என்னை விடவில்லை.

அளவெடுத்த நாளில் அறை நிறையப் பிள்ளைகள். கப்டன் கடைசியாக வந்தார். கையை அகட்டி நின்றபடி, அவரும் சிங்களத்தில், "அக்கே, கப்டன்ட கோட்டுக்கு உள்ளுக்குள்ள ஒரு பொக்கற் கூட வையுங்க. தோத்தா எல்லாரும் தாற பழியைப் போட இடம் வேணுமே" என்றார். இப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்கத்தான் நான் ஊசியைப் பிடித்திருக்கிறேனோ என்று நினைப்பதுண்டு. விளையாட்டுக்குக் கேட்ட பொக்கற்றை நான் விளையாட்டாகவே வெட்டி வைத்தேன்.

பதினேழாம் இலக்கம் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. தாய் பல வருடமாக என்னிடம்தான் பிளவுஸ் தைக்கிறாள். பிள்ளை விக்கெட் காப்பாளர். ஆனால் அணியில் ஏற்கெனவே மூத்த காப்பாளர் ஒருவர் இருந்தார். இரண்டாவது ஆளாக இவளை எடுப்பார்களா என்பதுதான் கேள்வி. இரண்டு முறை பயிற்சிக் குழு வரைக்கும் வந்து, இரண்டு முறையும் பெயர் வராமல் வீட்டுக்குப் போனவள்.

"அன்ரி, கோட்டுக் கையைக் கொஞ்சம் நீளமா வைங்க" என்றாள் காதோரமாக. "விரல் மறையணும். அம்மா பாத்தா அழுவா."

விரல்களைப் பார்த்தேன். பந்து பட்டுப் பட்டு, இரண்டு விரல்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தத் தாய்க்கு அழ வேறு காரணமும் இருந்தது. கனடாவில் உள்ள அவளுடைய அண்ணன், இந்தப் பிள்ளைக்கு அங்கே ஒரு கொலிஜ் பார்த்து, தங்க இடமும் பார்த்து, பதில் கேட்டு அரித்துக்கொண்டிருந்தார். இந்தமுறையும் பெயர் வராவிட்டால் அனுப்பிவிடுகிறேன் என்று தாய் வாக்குக் கொடுத்துவிட்டாள். பிள்ளையும் தலையாட்டியிருக்கிறாள். ஆகவே அந்தப் பதினேழு என் அறையில் தொங்கிய நாளிலிருந்து, அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஆள் நிற்கிற மாதிரி ஒதுங்கித்தான் போனேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிஸ் போன் எடுத்தார். அவர் இலக்கங்களைச் சொல்லச் சொல்ல நான் பிளேசர்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைக்கு மாற்றினேன். பதினாறு என்றார். அடுத்ததாகப் பதினெட்டு என்றார்.

"மிஸ், பதினேழு?"

"நான் சொன்னேனா?"

"இல்லை."

"அப்ப இல்லை."

பின்னேரம் தாய் வந்துவிட்டாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறி நேராக என்னிடம். நான் எல்லாவற்றையும் பெட்ஷீற்றால் மூடிவைத்திருந்தேன். அவள் கண் பெட்ஷீற்றில்தான் போய் இருந்தது.

"அக்கா, நான் ஒண்ணும் கேக்க வரல்ல."

"பின்ன என்னத்துக்கு வந்தனீ?"

"பிளவுஸ் பாக்க."

என் முகம் இரகசியத்தைக் காக்கும் என்று எனக்கே நம்பிக்கையில்லை. அவளைத் திருப்பி நிறுத்தி முதுகை அளக்கத் தொடங்கினேன்.

"போன கிழமைதானே அளந்தீங்க?"

"கவலைப்படுற ஆக்களுக்குக் கிழமைக்குக் கிழமை மாறும்."

"அப்ப எனக்கு மணிக்கு மணி அளக்கணும்" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "இன்டைக்கு ரெண்டு மெழுகுதிரி கொளுத்தினேன் அக்கா. ஒண்ணு பேர் வரணும் எண்டு. மத்தது, வராட்டி அவ தாங்கணும் எண்டு. அந்தோனியாருக்கே குழம்பிப்போயிருக்கும், இவளுக்கு என்னதான் வேணும் எண்டு."

நான் அளவுநாடாவை அவள் தோளில் வைத்தபடியே நின்றேன். அளவு ஒன்றும் கண்ணில் படவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சூட்கேஸ் வாங்கணும். எப்பிடியும் ஒண்ணு வேணும்தானே? டீமோட போறதெண்டா சின்னது போதும், கனடா எண்டா பெரிசு. சின்னதா, பெரிசா?"

"சூட்கேஸ்காரனைக் கேள். நான் தையற்காரி."

அவள் சிரித்தாள். அவள் போன பிறகும் பெட்ஷீற்றை நான் தூக்கவில்லை.

அடுத்த நாள் பயிற்சியில் பந்து பட்டுக் கப்டனின் கை உடைந்தது என்ற செய்தி எல்லோருடைய போனிலும் வந்தது. மூத்த காப்பாளரையே கப்டனாக்கப் போகிறார்கள் என்றார்கள். தேங்காய் வாங்கப் போன கடையில் முதலாளி தராசை விட்டுவிட்டு அணி தெரிவு செய்துகொண்டிருந்தார்.

"கப்டனும் கீப்பரும் ஒரே ஆளெண்டா அந்தப் பிள்ளை மூச்சு விடுறது எப்ப? இன்னொரு கீப்பர் கட்டாயம் வேணும்."

எனக்குத் தெம்பு வந்தது. பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் அதை உடனே பிடுங்கிக்கொண்டார்.

"கப்டனை ஆர் ஐசே வெளியில இருத்துவான்? ரெண்டாவது கீப்பர் போய்த் தண்ணிப் போத்தல்தான் தூக்கோணும். கை உடைஞ்சது பட்ஸ்மனுக்கு, பட்ஸ்மனைத்தான் போடுவாங்கள்."

தேங்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அறைக்கு வந்ததும் மிஸ்ஸின் அழைப்பு. கப்டனின் பிளேசரிலிருந்து பட்ஜைக் கழற்றச் சொன்னார். யாருக்கு மாற்றுவது என்று அடுத்த நாள் சொல்வாராம். தைத்த பட்ஜைப் பிரிப்பது தைப்பதைவிடக் கஷ்டம். துணி நோகாமல் ஒவ்வொரு நூலாக வெட்டவேண்டும். உள்ளே கை விட்டபோது, அந்தப் பழிக்கென்று வைத்த பொக்கற் விரலில் தட்டுப்பட்டது. பாவம், அதற்குள் போட அவருக்கு இந்தமுறை ஒன்றுமே கிடைக்கவில்லை.

மறுநாள் போன் வரும்வரைக்கும் எனக்கு வேலை ஓடவில்லை. நான் பதினேழையும் இருபதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். இருபது ஒரு துடுப்பாட்டக்காரப் பிள்ளை. அவளுக்கும் எங்கேயோ ஒரு தாய், ஒரு மெழுகுதிரியோ பூத்தட்டோ இருக்கும். ஆனாலும் என் கை பதினேழின் மேலேயே போய் விழுந்தது.

மிஸ் இருபது என்றார்.

அவர் போனை வைக்கவில்லை.

"பதினேழையும் முடியுங்க. அந்தப் பிள்ளை ரிசேர்வ். கொழும்பிலதான் நிப்பா. அங்க யாருக்காவது காயம் பட்டா அடுத்த பிளேன்ல போகணும். இன்னொரு பட்ஜ் அனுப்புறேன், தைக்க வேணாம், தனியாக் குடுங்க. கூப்பிட்டாத்தான் அது அவவுக்கு."

அன்று பின்னேரமே அணியை அறிவித்தார்கள். புதிய கப்டனின் பெயர் முதலில் வர மொத்தம் பதினைந்து பெயர்கள், ஒரு கோடு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அவள் பெயர்.

பிளேசரை எடுக்கத் தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். பிள்ளை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். தோள் சரியாக உட்கார்ந்தது, கை விரலை மறைத்தது. நெஞ்சுப் பொக்கற் மட்டும் வெறுமையாக இருந்தது. தாய் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இது போற கோட்டா, போகாத கோட்டா?"

பட்ஜை ஒரு கவரில் போட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். அவள் அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"அன்ரி, கூப்பிட்டா தைக்க நேரம் இருக்காதுதானே. எனக்குக் காட்டித் தாங்க. எயார்போட்ல இருந்தாவது தைக்கலாம்."

ஒரு கழிவுத் துணியில் பட்ஜை வைத்து, நூல் வெளியே தெரியாமல் எப்படிக் கொண்டுபோவது என்று காட்டினேன். மேசையில் குனிந்து இருந்தாள். அந்தக் கோணல் விரல்களுக்கு ஊசி வசப்படவில்லை. வழுக்கி விழுந்தது. எடுத்தாள். திரும்பவும் வழுக்கியது. தாய் விரல்களைப் பார்த்துவிட்டாள், ஆனால் அழவில்லை.

அப்போதுதான் தாயின் போன் அடித்தது. கனடா. அவள் என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை தலை நிமிரவில்லை, ஊசி மட்டும் நின்றுவிட்டது.

"சொல்லுங்க அண்ணா... ஓ, பேர் வந்திச்சு. வந்திச்சு எண்டா... கீழ இருக்கு. ம்... இல்லண்ணா, வராத மாதிரி இல்ல, வந்த மாதிரியும் இல்ல. எனக்கே விளங்கல்ல... இப்ப ஒண்ணும் சொல்ல ஏலாது. அவ கைல ஊசி இருக்கு. போட்டி எல்லாம் முடியட்டும், நானே கோல் எடுக்கிறேன்."

போனை வைத்துவிட்டுக் கதிரையில் பொத்தென்று இருந்தாள். நெற்றி வேர்த்திருந்தது. ஊசி திரும்ப ஓடத் தொடங்கியது. ஒரு தையல் கோணலாகப் போக, பிரி என்றேன். பிரித்தாள்.

"அக்கா, சின்ன சூட்கேஸ் இந்தப் பக்கம் எங்க வாங்கலாம்?"

"கைல கொண்டுபோற சைஸ் போதும்மா" என்றாள் பிள்ளை, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.